சூலூரில் ஊதிய விசில்

வெள்ளகோவில்
தாது வருஷம் மாசி 12

மாப்பிள்ளை குமாரசாமிக்கு,

தம்பிதுரை எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் கடைசி வரை படிக்கவும். மூன்று வருஷமாக உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. என் தங்கை பாப்பாயியைக்கூட ஒரு நோம்பிக்கு அழைக்கவில்லை. இப்போதும் எழுதியிருக்க மாட்டேன். மாசாணம் போய்விட்டானே, இந்தத் துக்கத்தை வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

சேதி சந்தை நாளன்று வந்தது. சவரக்கடை வேலுமணி, பாதி முகம் சிரைத்த ஆளை அப்படியே உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து அழுதான். தன் காளைக்கு மாசாணம் என்று பேர் வைத்திருக்கும் திருமூர்த்தி, "இனி அதைய எப்புடிப் பேர் சொல்லி அதட்டறதுங்க?" என்று என்னிடம் கேட்டார். அன்று சந்தையில் யாரும் சரியாக விலை பேசவில்லை. ஆளாளுக்குத் தாங்கள் பார்த்த அவன் சடுகுடு ஆட்டத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்லச் சொல்ல அவன் தொட்ட ஆட்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நானும் என் பங்குக்கு இரண்டு பேரைச் சேர்த்துவிட்டேன்.

ஆனாலும் மாப்பிள்ளை, கூட்டிச் சொல்லாவிட்டாலும் அவன் பெரியவன்தான். கோட்டைத் தாண்டி எதிர்க்கட்சிக்குள் பாடிக்கொண்டு போனால், ஒரே மூச்சில் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போதும் அந்த "சடுகுடு சடுகுடு" கிளம்பினபோது இருந்த மாதிரியே இருக்கும். சடுகுடு ஆட ஆயிரம் பேர் பிறப்பார்கள். அந்த மூச்சு இனி யாருக்கு வரும்?

பேச்சு எங்கே சுற்றினாலும் சூலூரில் வந்து நிற்கிறது. உங்களுக்குத் தெரியும். சத்தியமங்கலத்துக்காரர்களோடு இறுதி ஆட்டம். மாசாணம் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி, கோட்டுக்கு ஓர் எட்டு பாக்கி. நடுவராக நின்ற நீங்கள் விசிலை ஊதி, "நடுவிலே மூச்சு விட்டான், அவுட்" என்றீர்கள். நான் மைதானத்துக்குள் இறங்கி உங்கள் சட்டையைப் பிடித்தது தப்புத்தான். நீங்கள் ஊதியது அதைவிடப் பெரிய தப்பு. அதைக் காட்டத்தானே அந்த ஆடியிலேயே காங்கேயத்தில் மறு ஆட்டம் வைத்தேன்? என் வண்டியிலேயே அவனை ஏற்றிப் போனேன். அதே சத்தியமங்கலத்துக்காரர்கள் மண்ணைக் கவ்வினார்கள். நீங்கள்தான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சித்திரையில் எங்கள் தோட்டத்தை ஒட்டிய தரிசில் அவன் பேரால் ஒரு ஆட்டம் வைக்கிறேன். ஓரத்தில் ஒரு கல் நடுகிறேன். "தோல்வி அறியாத மாசாணம்" என்று வெட்டச் சொல்லியிருக்கிறேன். சூலூரைச் சொல்லி நாளைக்கு ஒருத்தன் அந்தக் கல்லுக்கு முன்னால் சிரிக்கக் கூடாது. ஆகவே நீங்கள் வந்து, கூட்டத்துக்கு முன்னால், அன்று ஊதியது தவறு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் பாப்பாயியையும் கூட்டி வாருங்கள். வாசலில் நானே நிற்பேன்.

முதலில் பாடிக்கொண்டு போக அவன் மகன் காளிச்சாமியை இறக்கப் போகிறேன். அப்பனைவிட உயரமாம். ஆள் விட்டுக் கேட்டதற்குச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டான்.

தம்பிதுரை


கோயம்புத்தூர்
1937 மார்ச் 2

மச்சானுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. பாப்பாயி என் கையிலிருந்து பிடுங்கி முதலில் அவள்தான் படித்தாள். "எங்கண்ணன் என்னைய மறக்கலைங்க" என்று அழுதாள். அழைப்போடு ஒரு நிபந்தனையும் வந்திருப்பதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

சாவுக்கு நான் போயிருந்தேன். அவன் வேலை பார்த்த மில்லுக்குப் பின்புறம் உள்ள அவன் தெருவில் நிற்க இடமில்லை. ஷிப்டு விட்டு நேராக வந்தவர்கள் தலையில் பஞ்சோடு நின்றார்கள். தூக்கியபோது கூட்டத்தில் யாரோ மெல்ல "சடுகுடு சடுகுடு" என்று ஆரம்பித்தார். அவருக்கு மூச்சு முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். மயானம் போகிற வரைக்கும் ஆள் மாற்றி ஆள் அதை விடாமல் கொண்டுபோனார்கள். யாரும் சொல்லிவைத்துச் செய்ததல்ல. எனக்கு முறை வந்தபோது இரண்டு சடுகுடுதான் சொன்னேன், பின்னால் வந்தவர் எடுத்துக்கொண்டார்.

நீங்கள் கேட்டதை என்னால் சொல்ல முடியாது. நான் டிரில் மாஸ்டர். நாள் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஓடி வந்து மூச்சு வாங்குவதைக் கேட்டே பிழைப்பவன். சூலூரில் அவன் குரலுக்கு நடுவே ஓர் இழுப்பு விழுந்தது. காதில் விழுந்ததால்தான் ஊதினேன். மாசாணத்தை எனக்கும் பிடிக்கும். எனக்குப் பிடித்தவன் என்பதற்காகக் காதை மூடிக்கொள்வதானால் அந்த விசிலை நான் கையில் வாங்கியிருக்கவே கூடாது.

கல்லைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. காளிச்சாமியைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. அப்பனுக்கு முன்னால் கொள்ளிச்சட்டி ஏந்தி நடந்தவன், நின்று நின்று இருமினான். மாசாணம் வேலை பார்த்த அதே பஞ்சு அடிக்கும் கூடத்தில்தான் அவனும் வேலை செய்கிறான். அவனுக்கு இருபது வயதிருக்கும். அந்த இருமலின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. அவனை இறக்க வேண்டாம்.

குமாரசாமி


வெள்ளகோவில்
பங்குனி 1

மாப்பிள்ளைக்கு,

எழுதினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். செத்தவனுக்காக ஒரு சொல் விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்களை வெயிலில் வரிசையாக நிற்க வைத்துப் பழகிய உங்களுக்கு உலகமே விசிலுக்கு நிற்க வேண்டும் என்ற நினைப்பு. இதில் இருமலைக் கேட்டே ஆளைச் சொல்லும் வைத்தியம் வேறு எப்போது படித்தீர்கள்?

மில்லில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும்தான் இருமுகிறார்கள். பஞ்சு பறக்கிற இடத்தில் வேறென்ன செய்வார்கள்? காளிச்சாமியை நீங்கள் தடுக்கப் பார்ப்பது எதற்கென்று எனக்குப் புரிகிறது. அவன் நன்றாக ஆடினால் ஜனங்கள் அப்பனை நினைப்பார்கள். அப்பனை நினைத்தால் உங்கள் விசிலையும் நினைப்பார்கள்.

இன்னொன்று. சாவுக்கு நீங்கள் போனதைப் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அந்தத் தெருவுக்குள் எப்படி வர முடியும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஆனாலும் முறையை விடவில்லை. பண்ணையாள் சின்னானிடம் நல்ல கோடித் துணி கொடுத்தனுப்பினேன். அதைச் சவத்தின் மேல் போடாமல் ஓரமாக வைத்துவிட்டார்களாம். இது எந்த ஊர் மரியாதை? அவன் பெண்டாட்டி கருப்பாத்தாளுக்கு என் மேல் என்ன கோபம்? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

தம்பிதுரை


கோயம்புத்தூர்
1937 மார்ச் 19

மச்சானுக்கு,

கோடி என்பது, செத்தவருக்கு வேண்டியவர்கள் தாங்களே வந்து கையால் போர்த்துவது. ஆளனுப்பிப் போடச் சொல்லும் வழக்கம் எந்தச் சாதியிலும் இல்லை. உங்கள் மாமனார் செத்தபோது கோடியைப் பண்ணையாளிடம் கொடுத்தனுப்பினீர்களா? சின்னான் துணியை நீட்டியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். கருப்பாத்தாள் கோபப்படவில்லை. "கொடுத்தவங்க வரட்டுங்க, வெச்சிருக்கறோம்" என்று மட்டும் சொன்னாள். எடுக்கிற வரைக்கும் அந்தத் துணி அங்கேயே இருந்தது.

அவனுக்கு நீங்கள் பெரிய ரசிகர். ஜெயித்து வந்தால் உங்கள் தோள் துண்டை எடுத்து அவனை நோக்கி வீசுவீர்கள். பறந்து வருகிற துண்டை அவன் எட்டி அழகாகப் பிடிப்பான். கூட்டம் அதற்கும் ஒரு தரம் கைதட்டும். கையில் கொடுக்காமல் ஏன் வீசுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சேர்ந்து கைதட்டியவன்தான். உங்களை மட்டும் சொல்லவில்லை.

அவளுக்கு என்ன கோபம் என்று நான் எழுதுவது சரியில்லை. கேட்க வேண்டுமானால் நேரில் போய்க் கேளுங்கள்.

குமாரசாமி


வெள்ளகோவில்
பங்குனி 17

மாப்பிள்ளைக்கு,

போய் வந்தேன். உங்கள் வீடு அங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். வந்து பாப்பாயியைப் பார்க்காமல் திரும்பியதற்கு அவளிடம் என் சார்பில் சமாதானம் சொல்லவும். யார் முகத்தையும் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

கருப்பாத்தாள் வாசலில் ஒரு சாக்கை விரித்தாள். உட்கார்ந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கல்லில் என்ன வெட்டப் போகிறேன் என்று சொன்னேன். அழுவாள், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

"சூலூர்ல அந்த வாத்தியாரு ஊதிப்போட்டாருன்னு கேட்டதும் நான் மாரியாத்தாளுக்கு மாவெளக்கு எடுத்தனுங்க. அதுக்கு முந்தியே அவருக்கு நெஞ்சு நோவு. ஆட்டத்த உடுங்கன்னா கேக்க மாட்டாரு. தோத்துட்டாரு, இனி உட்டுருவாருன்னு நெனச்சனுங்க. உட்டுட்டும் இருந்தாருங்க. அப்பறம் தெருமொனையில கவுண்டரு வண்டி நிக்குதுன்னு ஆள் வந்துச்சு. போகாதீங்கன்னு கையப் புடிச்சனுங்க. கவுண்டரே வண்டி கட்டிட்டு வந்திருக்கறாரு, எப்புடிப் புள்ள முடியாதுங்கறதுன்னாரு."

காங்கேயத்தில் ஜெயித்துத் திரும்பிய அன்று அவன் சோறு தின்னவில்லையாம். வாயில் ரத்தம் வந்ததாம். அதற்கப்புறம் நான் இரண்டு தடவை ஆட்டத்துக்குக் கூப்பிட்டு ஆள் விட்டேன். மில்லில் லீவு இல்லை என்று சொல்லியனுப்பினான். பெரிய ஆட்டக்காரன், பிகு பண்ணுகிறான் என்று நான் இங்கே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன், மாப்பிள்ளை.

கடைசியாக அவள் சொன்னது இது. "மச்சானும் மாப்பிள்ளையும் வழக்குப் போட்டீங்க. உங்க வழக்குக்கு எங்கூட்டுக்காரரு மூச்ச எடுத்துட்டுப் போனீங்களேங்க. இப்ப பையனையும் கேக்கறீங்க."

நான் அங்கேயே காளிச்சாமியைக் கூப்பிட்டு, "வேண்டாம் கண்ணு" என்றேன். அவன் கேட்கவில்லை. "கூப்புட்டது நீங்கதானுங்க. மில்லு பூராச் சொல்லிப்போட்டேன். எங்கப்பன் பேர நான் எடுக்கோணுங்க" என்றான். பேசி முடிப்பதற்குள் இருமல் வந்தது. நீங்கள் சொன்ன சத்தம் அதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு உங்கள் காது இல்லை.

கல்லில் பேர் மட்டும் போதும் என்று கல்தச்சனிடம் சொல்லிவிட்டேன். ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை. பத்து ஊரில் தண்டோரா போட்டாகிவிட்டது. சத்தியமங்கலத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நிறுத்தினால் காளிச்சாமி வேறு எங்காவது போய் ஆடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். என் முகம் கெட்டுப்போகும் என்ற பயமும் அதில் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நீங்கள் வாருங்கள். எந்த வார்த்தையும் சொல்ல வேண்டாம். விசிலை மட்டும் பிடியுங்கள். அவன் மூச்சு உங்களுக்குத்தான் கேட்கும்.

தம்பிதுரை


கோயம்புத்தூர்
1937 ஏப்ரல் 6

மச்சானுக்கு,

நான் வர மாட்டேன்.

நான் வந்து நின்றால் உங்களுக்குத் தைரியம் வந்துவிடும். குமாரசாமி பார்த்துக்கொள்வான் என்று ஆட்டத்தை நடத்திவிடுவீர்கள். நான் வராவிட்டால் நிறுத்திவிடுவீர்கள் என்று நம்புகிறேன். பத்து ஊர் தண்டோராவைப் பதினோராவது தண்டோரா போட்டு நிறுத்தலாம். தம்பிதுரைக் கவுண்டர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார் என்று ஜனங்கள் நாலு நாள் பேசுவார்கள். அப்புறம் வேறு பேச்சு வந்துவிடும்.

"எங்கண்ணன் கெஞ்சி எழுதி நான் பார்த்ததே இல்லைங்க, போயிட்டு வாங்க" என்கிறாள் பாப்பாயி. கோபத்தில் அவள் என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. இருந்தாலும் நான் சொல்வதுதான் சரி.

குமாரசாமி


வெள்ளகோவில்
ஈசுவர வருஷம் சித்திரை 6

மாப்பிள்ளைக்கு,

நான் நிறுத்தவில்லை. நீங்களும் வரவில்லை. நேற்று ஆட்டம் நடந்தது.

நீங்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். நிறுத்த இடமில்லாமல் வண்டிகள் கரூர் ரோடு வரைக்கும் நின்றன. திருமூர்த்தி தன் காளைக்குக் கொம்பில் மஞ்சள் துணி சுற்றிக் கூட்டி வந்திருந்தார். மாசாணம் மாசாணம் என்று ஆட்டம் தொடங்கும் முன்பே கத்தல். வழக்கமாக எல்லாருக்கும் மேலே என் குரல்தான் கேட்கும். நேற்று எனக்கு வாய் திறக்க வரவில்லை. காளிச்சாமி கோட்டில் குனிந்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்ததும் கருப்பாத்தாள் சொன்னதுதான் காதில் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாடிக்கொண்டு போனான். அப்பன் மாதிரியேதான், மாப்பிள்ளை. அதே தோள், அதே இடதுபக்கச் சாய்வு. ஒருத்தனைத் தொட்டான். இரண்டாவது ஆளையும் தொட்டான். கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. விசில் பிடித்தவர் தாராபுரத்துப் பக்கத்து ஆள், அவரும் ஆட்டத்தில் மயங்கிப்போய் நின்றார். நான் வாயை மூடிக்கொண்டு ஒரு ஆட்டம் பார்த்தது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. அதனால் எனக்குக் கேட்டது. "சடுகுடு சடுகுடு"வுக்கு அடியில் ஒரு இழுப்பு. மூச்சு விடவில்லை. விட்டுவிடக் கூடாது என்று நெஞ்சைப் பிடித்து இழுக்கிற சத்தம்.

சூலூரில் நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன கேட்டிருக்கும்?

அவன் மூன்றாவது ஆளை நோக்கிப் போனான். நான் எழுந்து, "மூச்சு உட்டுட்டான்! அவுட்டு! நிறுத்துங்கப்பா!" என்று கத்தியபடி உள்ளே இறங்கிக் கோட்டில் போய் நின்றேன். பொய்தான். அவன் மூச்சு விடவில்லை. ஆட்டம் நின்றுவிட்டது. நடுவர் என்னைப் பார்த்தார். என் தரிசு, நான் வைத்த ஆட்டம், அவர் என்ன செய்வார்? அவுட் என்று கையைத் தூக்கிவிட்டார்.

கூட்டம் என்னைத் திட்டியதை எழுத முடியாது. வேலுமணி, இத்தனை வருஷம் என் முகத்தைச் சிரைத்தவன், என் முகத்துக்கு நேராகத் துப்பினான். காளிச்சாமி வந்து இரண்டு கையாலும் என் நெஞ்சில் வைத்துத் தள்ளினான். நான் விழுந்தேன். எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் தடியை எடுத்துவிட்டார்கள். "அவனத் தொட்டீங்கன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்று மண்ணில் கிடந்தபடியே சொன்னேன். அவர்கள் நின்றுவிட்டார்கள். அவன் மட்டும் நிற்கவில்லை. "எங்கப்பனுக்கு ஒருத்தரு ஊதுனாரு. எனக்கு நீங்களாங்க?" என்று கேட்டான். சொல்லிவிட்டு இருமினான். இருமி முடியும் வரைக்கும் என்னை முறைத்துக்கொண்டே நின்று, அப்புறம் ரோட்டைப் பார்த்து நடந்தான். பின்னாலேயே வண்டி அனுப்பினேன். ஏற மாட்டேன் என்றுவிட்டானாம்.

செய்தது சரியா என்று தெரியவில்லை. அந்தப் பையனை ஊரறியக் கூட்டி வந்தேன், ஊரறிய அவமானப்படுத்தி அனுப்பினேன். முதலில் கூப்பிடாமலே இருந்திருக்கலாம். உங்கள் கடிதம் வந்த அன்றே நிறுத்தியிருக்கலாம். அவன் அங்கே வந்து சேர்ந்தானா என்று பாருங்கள். நான் போனால் அவன் கதவைத் திறக்க மாட்டான்.

தம்பிதுரை


கோயம்புத்தூர்
1937 ஏப்ரல் 24

மச்சானுக்கு,

காளிச்சாமி வந்து சேர்ந்தான். சூலூர் வரைக்கும் யாரோ லாரியில் ஏற்றி வந்திருக்கிறார்கள். மில்லில் எல்லாரும் அவனைப் பார்த்து வருத்தப்பட்டதில் அவனுக்கு இன்னும் ஆத்திரம். கருப்பாத்தாள் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். நான் போய் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றான். "உனக்கு மூச்சு நல்லா இருக்குதுன்னு டாக்டர் சொல்லட்டும். தம்பிதுரைக் கவுண்டர் பொய் சொன்னாருன்னு நானே வெள்ளகோவில் சந்தையில நின்னு சொல்றேன்" என்றேன். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

டாக்டர் வெகுநேரம் அவன் முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். சயரோகம்தான். ஒரு பக்கம் பிடித்திருக்கிறது. பஞ்சுக் கூடத்துக்கு இனி போகவே கூடாது, படுக்க வைத்துக் கவனித்தால் பார்க்கலாம் என்றார். பிழைப்பான் என்று அவர் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னார். கருப்பாத்தாள் அதையே மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தோன்றியதை எழுத வேண்டும். சூலூரில் நான் கேட்டது நோயின் சத்தம். நான் அதை அவுட் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். ஊதினேன். நீங்கள் சட்டையைப் பிடித்தீர்கள். அதற்கப்புறம் மூன்று வருஷம் நான் சரி, மச்சான் தவறு என்பதிலேயே காலம் போய்விட்டது. மாசாணம் இருந்த தெரு என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில்தான். ஒரு நாள் போய், "உனக்கு மூச்சு ஏன் அறுந்தது?" என்று அவனைக் கேட்டதில்லை. நீங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போனீர்கள். நான் அதுகூடச் செய்யவில்லை. இந்த முறையும் சரியாக இருக்க வேண்டும் என்று வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டேன். வந்திருந்தால் அவன் முதல் ஆளைத் தொடுவதற்கு முன்பே ஊதியிருப்பேன்.

பாப்பாயி நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாள். யாரும் அழைக்க வேண்டியதில்லை, பிறந்த வீட்டுக்கு எனக்கு வழி தெரியும் என்று சொல்லிவிட்டாள். பஸ் நிற்கிற இடத்துக்கு நீங்களே போங்கள், யாரையும் அனுப்ப வேண்டாம். நான் வரவில்லை. பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் காளிச்சாமியோடு இருக்கிறேன். காலையில் கண் விழித்ததிலிருந்து அவனுக்கு உங்களைத் திட்டுவதுதான் வேலை. நான் குறுக்கே பேசுவதில்லை. ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் திட்டுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குமாரசாமி